நிற்கத் தெரிந்த வண்டி

பாலாவிச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் விடியற்காலை கொஞ்ச நேரம் உட்காருவோம். கற்பிட்டி வீதியிலிருந்து வான்கள் ஒவ்வொன்றாக வந்து புத்தளம் பக்கமும் சிலாபம் பக்கமும் திரும்பும். இருட்டில் முன்விளக்கு மட்டும்தான் தெரியும். அதை வைத்தே கடைக்காரர் சொல்லிவிடுவார்: இது ஷெல், அது டொல்பின், பின்னால் வருவது கேடிஎச். பெயர் மூன்று என்றாலும் வண்டி ஒன்றுதான். டொயோட்டா 1967 முதல் செய்துவரும் ஹைஏஸ் வானின் வெவ்வேறு தலைமுறைகள் அவை.

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். டொல்பின் 1989இல் வந்த வான். உருண்ட முகத்தைப் பார்த்து நம் ஆட்கள் அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்க வருகிறவர்கள் பலர் டொல்பினில்தான் வந்து இறங்குவார்கள். கேடிஎச் 2004இல் வந்தது. அது உண்மையில் பெயரே இல்லை. கேடி என்பது உள்ளே இருக்கும் டீசல் எஞ்சின் குடும்பத்தின் குறி, எச் என்பது ஹைஏஸுக்கான குறி. அதே வானில் பெற்றோல் எஞ்சின் இருந்தால் டீஆர்எச் என்று இருக்கும். ஒரு மனிதரைப் பெயர் சொல்லாமல் அவருடைய இரத்த வகையைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி.

இந்த வான்களைப் பற்றி நம் கரையோரத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "டொயோட்டாதானே, பழுதாகாது." வாங்குகிறவரும் சொல்வார், விற்கிறவரும் சொல்வார், கலியாணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு வான் இருக்கிறது என்று சொல்லும் தரகரும் சொல்வார். என் சாச்சாவும் அதைச் சொல்லித்தான் ஒரு டொல்பின் வாங்கினார். கற்பிட்டியிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு கொழும்பு புறக்கோட்டைக்குப் போய்வருவார். ஞாபகம் வந்தால் ஒயில் மாற்றுவார். எஞ்சின் பெரிய குறை எதுவும் வைக்கவில்லை. ஆனால் ஒரு நாள் கராஜில் வண்டி திருத்தும் நானா ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கதவுக்குக் கீழே உள்ள தகட்டில் மெல்லக் குத்தினார். தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட்டில் விரல் போவதுபோல் அது உள்ளே போய்விட்டது. பெயின்ட் மட்டும் நின்றது, உள்ளே இரும்பு இல்லை.

சாச்சா அன்று கேட்ட கேள்வி எனக்கு மறக்கவில்லை. "டொயோட்டாவுமா இப்படி?" அந்தக் கேள்விக்குள்ளேதான் நாம் எல்லோரும் வைத்திருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. பழுதாகாத வண்டி என்று ஒன்று இருப்பதாக நினைக்கிறோம். டொயோட்டாவுக்குப் பெயர் வந்தது பழுதாகாததால் இல்லை. பழுது வந்த உடனே நிற்கத் தெரிந்ததால். அது எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால் வானை விட்டுவிட்டு ஒரு தறிக்குப் போக வேண்டும்.

சக்கிச்சி டொயோடா 1867இல் ஜப்பானில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். அவருடைய காலத்தில் கிராமத்து வீடுகளில் பெண்கள் கைத்தறியில் உட்கார்ந்து நெய்தார்கள். அந்த உழைப்பைக் குறைக்க வேண்டும் என்று தறியோடு மல்லுக்கட்டத் தொடங்கியவர், 1891இல் மரத் தறி ஒன்றுக்கு முதல் காப்புரிமை வாங்கினார். பிறகு வாழ்நாள் முழுக்கத் தறிதான். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவில் ஒரு நூல் அறுந்தால் துணியில் கோடு விழும். விசைத்தறிக்கு அது தெரியாது. அறுந்தது அறுந்தபடியே நெய்துகொண்டு போகும், முழக் கணக்கில் துணி வீணாகும். அதனால் ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் ஓர் ஆள் கண் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

சக்கிச்சி தன் தறியில் ஒவ்வொரு பாவு நூலிலும் ஒரு சின்னத் தகட்டைத் தொங்கவிட்டார். நூல் இழுத்துப் பிடித்திருக்கும்வரை தகடு மேலே நிற்கும். நூல் அறுந்தால் தகடு விழும். விழுந்த தகடு தறியை நிறுத்திவிடும். இவ்வளவுதான் விஷயம். நம் வாடிகளில் வலை பின்னுகிற ஒருவரைப் பாருங்கள். ஒரு கண்ணி தவறினால் அவர் கை தானாக நின்றுவிடும். தவறிய கண்ணியை விட்டுவிட்டு அடுத்த பத்துக் கண்ணி போடமாட்டார், ஏனென்றால் பிறகு பத்தையும் பிரிக்க வேண்டும். அந்தக் கையின் அறிவை சக்கிச்சி இரும்புக்குக் கொடுத்தார். 1924இல் வந்த அவருடைய ஜி வகைத் தானியங்கித் தறிகளில் முப்பது வரையில்கூட ஓர் ஆளால் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஓடுகிற தறிக்குக் காவல் தேவையில்லை. நின்ற தறியிடம் போனால் போதும்.

நெசவு இயந்திரத்துக்கு உலகெங்கும் பேர்போன இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் 1929இல் இந்தத் தறியின் உரிமைக்காக ஒரு இலட்சம் பவுணுக்கு ஒப்பந்தம் செய்தது. மறு வருடம் சக்கிச்சி இறந்துபோனார். மகன் கீச்சிரோவுக்கு மோட்டார் வண்டியில் ஆசை. 1933இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார் வண்டிப் பிரிவொன்றைத் தொடங்கினார். 1937இல் அது தனிக் கம்பனியானது. டொயோடா என்ற குடும்பப் பெயர் அதற்குள் டொயோட்டா ஆகிவிட்டது. ஜப்பானிய எழுத்தில் அந்தப் பெயரை எட்டுக் கீறலில் எழுதிவிடலாம், எட்டு அங்கே ராசியான எண். பெயரெண் பார்ப்பது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை.

இனி அந்த முதல் வண்டிகளைப் பார்ப்போம். 1935இல் வெளிவந்த ஜி1 லொறி அடிக்கடி வழியில் நின்றது. அச்சு உடைந்தது, பல்சக்கரம் தேய்ந்தது. பொறியியலாளர்கள் வீதிக்கே போய் வண்டிக்கடியில் படுத்துச் சரி செய்தார்கள். எந்தப் பாகம் எந்த வண்டியில் ஏன் உடைந்தது என்று பார்த்து, அடுத்த வண்டியில் அந்தப் பாகத்தை மாற்றினார்கள். 1957இல் கிரவுன் காரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஜப்பானின் கரடுமுரடான வீதியில் நன்றாக ஓடிய கார் அங்கே அதிவேகச் சாலையில் ஏறியதும் திணறியது. வேகம் எடுக்கவில்லை, நடுங்கியது. 1960இல் கார் அனுப்புவதையே நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பி, அந்தச் சாலைக்கு ஏற்ற எஞ்சினைச் செய்துகொண்டு 1965இல் கொரோனாவுடன் மறுபடி போனார்கள். அதற்கடுத்த வருடம் ஜப்பானில் கொரோலா பிறந்தது. உலகில் வேறெந்தப் பெயரிலும் அவ்வளவு கார்கள் விற்றதில்லை என்கிற அளவுக்கு அது பிறகு வளர்ந்தது.

தறியின் புத்தி மோட்டார் தொழிற்சாலைக்குள் வந்ததற்கு முக்கியமான ஆள் தைச்சி ஓனோ. டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவு ஆலையில் வேலை பார்த்துவிட்டு மோட்டார் பக்கம் வந்தவர். வண்டிகள் வரிசையாக நகரும் இடத்தில், தொழிலாளியின் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். ஒரு திருகாணி சரியாக இறங்கவில்லை என்றாலும் அவர் அந்தக் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடிவருவார். உடனே சரி செய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் அந்த உரிமை உண்டு. நம் ஊரில் ஒரு வேலைத்தலத்தில் சின்னப் பையன் "நிப்பாட்டுங்க" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கயிற்றின் அருமை அப்போது விளங்கும்.

இன்னொரு பழக்கமும் இதோடு சேர்ந்தது. தேவையான பாகம், தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் வர வேண்டும் என்பது. இதைப் பணம் மிச்சம் பிடிக்கும் வழி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. கருவாட்டுக் கடை வைத்திருப்பவருக்கு மீதிப் பாதி தெரியும். மூட்டைக்கு மேல் மூட்டை அடுக்கினால் அடி மூட்டை புழுத்தது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். இரண்டே மூட்டை இருந்தால் இன்றைக்கே மூக்கில் அடிக்கும். பாகங்களைக் குவித்து வைக்காத தொழிற்சாலையில் ஒரு கெட்ட பாகம் உடனே கையில் தட்டுப்படும். மறைவதற்கு அதற்கு இடமில்லை.

நின்றால் மட்டும் போதாது, ஏன் நின்றது என்று கேட்க வேண்டும். ஓனோ ஐந்து முறை "ஏன்" கேட்கச் சொல்வார். சாச்சாவின் வானையே எடுத்துக்கொள்வோம். ஒரு முறை சிலாபத்துக்கு முன்னால் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. ஏன்? ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. ஏன்? குழாய் கழன்று கசிந்திருக்கிறது. ஏன்? குழாயைப் பிடித்திருந்த கிளிப் துருப்பிடித்து அறுந்திருக்கிறது. ஏன்? மேலே வானின் தரையிலிருந்து உப்புத் தண்ணீர் அதன்மேல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏன்? தண்ணீர் வெளியேற வேண்டிய துளையை மீன் செதிள் அடைத்திருக்கிறது. முதல் "ஏன்"னோடு நின்றால் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவோம். மூன்றாவதில் நின்றால் புதுக் கிளிப் போடுவோம், அதுவும் ஆறு மாதத்தில் போகும். ஐந்தாவதுவரை போனால் ஒரு ஈர்க்கு போதும், துளையைக் குத்திவிட. அன்று சாச்சா தண்ணீர்தான் ஊற்றினார்.

இந்த வண்டிகள் நம்மிடம் எப்படி வந்தன? எங்கள் வாப்பாவின் இளமைக்காலத்தில் வீதியில் ஓடியவை ஒஸ்டினும் மொரிஸ் மைனரும். ஜப்பான் சாமான் என்றால் அன்று மலிவுச் சாமான் என்றுதான் அர்த்தம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பானிய வாகனங்கள் கப்பல் கப்பலாக வரத் தொடங்கின. அவர்களும் நம்மைப்போல் வீதியின் இடப்பக்கம் ஓடுகிறவர்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். அங்கே ஓடிய வண்டியை இறக்கினால் அப்படியே இங்கே ஓட்டலாம். அப்படி வந்ததற்கு நாம் வைத்த பெயர் ரீகண்டிஷன். அந்தச் சொல்லும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. ஜப்பானில் யாரோ அதைப் பிரித்து, புதுப்பித்து அனுப்பியதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது கழுவித் துடைத்த பாவித்த வண்டிதான்.

அப்படியானால் அது ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறது? ஜப்பானில் ஒவ்வொரு வாகனமும் தவறாமல் அரச பரிசோதனைக்குப் போக வேண்டும். புதுக் கார் என்றால் முதலில் மூன்று வருடத்தில், பிறகு இரண்டு வருடத்துக்கொரு முறை. சரக்கு வான் என்றால் முதல் இரண்டு வருடத்துக்குப் பின் வருடா வருடம். பரிசோதனைக்கும் அதற்காகச் செய்யும் திருத்த வேலைக்கும் நிறையச் செலவாகும். வண்டி பழசாகப் பழசாக, விற்றுவிட்டுப் புதுசு வாங்குவது இலேசாகத் தெரியும். மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று அங்கே சட்டம் இருப்பதாக இங்கே சொல்வார்கள், அப்படி ஒன்றும் இல்லை. நாம் வாங்கியது டொயோட்டாவின் உழைப்பை மட்டுமில்லை, அந்தப் பரிசோதனைகளையும் சேர்த்துத்தான். முதல் சொந்தக்காரர் ஒழுங்காகப் பார்த்த வண்டி நம் கைக்கு வருகிறது. பிறகு நாம் பார்ப்பதில்லை.

டொல்பின் இவ்வளவு காலம் நிலைத்து நின்றதற்கு இன்னொரு காரணம் எளிமையானது. அதை அவர்கள் மாற்றவில்லை. 1989இல் வந்த உருவம் ஜப்பானில் 2004வரை இருந்தது. அடுத்து வந்த கேடிஎச் உருவமோ இருபது வருடத்தையும் தாண்டிவிட்டது. வருடத்துக்கு ஒரு முகம் மாற்றினால் பார்க்கப் புதுசாக இருக்கும். மாற்றாமல் வைத்திருந்தால் ஒரே பாகம் பதினைந்து வருடத்து வண்டிகளுக்கும் பொருந்தும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனால் அதன் பலன் தெரியும். டொல்பினின் எந்தப் பாகத்தைக் கேட்டாலும், புதுசோ பழசோ, யாராவது ஒருவர் கடைக்குள்ளிருந்து எடுத்து வருவார். நம் நானாமாரும் அதே எஞ்சினைப் பிரித்துப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டே பூட்டக் கற்றுக்கொண்டார்கள். "டொயோட்டா பழுதாகாது" என்று நாம் சொல்லும்போது பாதிப் பெருமை ஜப்பானுக்குப் போகிறது. பாலாவியிலும் முந்தலிலும் மதுரங்குளியிலும் கிரீஸ் படிந்த கையோடு இருக்கிறவர்களுக்குச் சேர வேண்டிய மீதியையும் நாம் அங்கேயே அனுப்பிவிடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

டொல்பினிலிருந்த டீசல் எஞ்சின் பொறுமைசாலி. 2எல், 3எல், 5எல் என்று அதில் பல அளவு உண்டு. எரிபொருளை ஒரு பம்ப் அளந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தள்ளும். சட்டியிலிருந்து அகப்பையால் அள்ளி அள்ளிப் பரிமாறுவதுபோல. டீசலில் கொஞ்சம் தூசு இருந்தாலும் இருமிக்கொண்டே ஓடும். கேடிஎச்சில் வேறு ஏற்பாடு. ஒரு பொதுக் குழாயில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் தயாராக நிற்கும். கம்ப்யூட்டர் சொல்லும் கணத்தில் மின்சாரத்தால் வாய் திறந்து பாயும். உயரத் தாங்கியில் தண்ணீர் நிறைத்து வீட்டுக்குக் குழாய் இழுத்ததுபோல. புகை குறைவு, வலு அதிகம். ஆனால் அந்த வாய் மிக நுண்ணியது. தூசும் தண்ணீரும் அதற்கு ஆகாது.

நம் கரையோரத்தில் படகுக்காக மண்ணெண்ணெய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டீசலைவிட மலிவாக இருந்த காலங்களில் அதைக் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. டீசலுக்கு வழவழப்பு உண்டு, பம்ப்புக்கு அதுவே எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்புக் குறைவு. அதைக் கலந்தால் பம்ப் உலர்ந்து தேயும், தேய்ந்த பொடி அந்த நுண்ணிய வாய்க்குள் போய் அடைக்கும். பழைய எஞ்சின் பொறுத்துக்கொண்டது என்ற நம்பிக்கையில் புது எஞ்சினுக்கும் அதையே ஊற்றுகிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் வயிறும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

இந்த வானுக்கு இன்னொரு பெயரும் நம் நாட்டில் இருந்தது. அதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. போர்க்காலத்தில் வெள்ளை வான் என்ற சொல்லைத் தாய்மார் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்கள். இலக்கத் தகடில்லாத வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோன அதே உருவம்தான். தகட்டுக்கும் சக்கரத்துக்கும் இதில் குற்றமில்லை. ஆனாலும் இரவில் வாசலில் ஒரு வான் மெதுவாக வந்து நின்றால் இன்றும் சில வீடுகளில் பேச்சு நின்றுவிடும். ஒரு வண்டியின் பெயர் தொழிற்சாலையில் மட்டும் எழுதப்படுவதில்லை.

மறுபடி கயிற்றுக்கு வருவோம். டொயோட்டாவே ஒரு காலத்தில் கயிற்றை இழுக்கத் தாமதித்தது. 2008இல் உலகிலேயே அதிக வாகனம் விற்கும் கம்பனி ஆனது. அடுத்த வருடம் அமெரிக்காவில், கால் எடுத்த பின்னும் அக்சிலரேட்டர் விடுவதில்லை என்ற முறைப்பாடுகள் வெடித்தன. கால்விரிப்பு அக்சிலரேட்டரில் சிக்குவது ஒரு காரணம், அக்சிலரேட்டரே இறுகி நிற்பது இன்னொன்று. உலகம் முழுக்க எண்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தார்கள். மின்னணுக் கோளாறும் இருக்குமோ என்று நாசா பொறியியலாளர்கள்வரை வந்து சோதித்தார்கள், அப்படி ஒன்றைக் காணவில்லை. 2010 பெப்ரவரி 24ஆம் திகதி கீச்சிரோவின் பேரன் அக்கியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். ஆட்களையும் பழக்கங்களையும் வளர்க்கும் வேகத்தைவிடக் கம்பனி வளர்ந்த வேகம் கூடிவிட்டது என்ற பொருளில் பேசினார். தெரிந்ததை மறைத்த குற்றத்துக்காக 2014இல் அமெரிக்க நீதித் திணைக்களத்துக்கு 120 கோடி டொலர் கட்டவும் ஒப்புக்கொண்டார்கள்.

அதோடு முடியவில்லை. டொயோட்டாவுக்குச் சொந்தமான டைஹட்சு கம்பனி பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்தது 2023இல் வெளியே வந்தது. 64 வகை வாகனங்கள் அதில் அகப்பட்டன, டொயோட்டா பெயரில் விற்றவையும் அவற்றில் இருந்தன. மிகப் பழைய முறைகேடு 1989ஆம் ஆண்டுக்குரியது. குறித்த திகதிக்குள் புது வண்டி வெளிவர வேண்டும் என்ற நெருக்கடியில், சோதனை செய்கிறவர்கள் வாய் திறக்கவில்லை. கயிறு அங்கே தொங்கியிருக்கலாம், இழுக்கப் பயந்துவிட்டார்கள். அறுந்த நூலோடு தறி முப்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. "டொயோட்டா பழுதாகாது" என்று நாம் நம்பியதுபோல அவர்களும் நம்பத் தொடங்கியபோது நடந்தது இது என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது சாச்சாவின் தகட்டுக்கு வரலாம். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும். துருப்பிடிப்பதும் ஒரு சின்ன பற்றரி வேலைதான். இரும்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மின்சாரம் ஓடும், ஓட ஓட இரும்பு கரையும். வெறும் மழைத்தண்ணீரில் அது தயங்கித் தயங்கி ஓடும். உப்புத் தண்ணீரில் கார்ப்பெட் வீதியில் ஓடுவதுபோல் ஓடும். இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. மழை காலத்தில் சமையலறையில் உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருக்கிறோம். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதம் அளவைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் உப்பளத்தில் புது உப்பு அதற்கும் முன்னாலேயே கசியும், அதிலுள்ள மக்னீசியத்தால். அதனால்தான் அதைக் குவித்துப் போட்டு, கசப்பு வடியும்வரை மாதக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள்.

கடல்காற்றோடு வந்து வானின் அடியில் ஒட்டிய உப்பும் அப்படித்தான். நுரைச்சோலையிலோ ஆலங்குடாவிலோ கடற்கரைப் பக்கமாக இரவில் நிறுத்திவைத்த வான், ஒரு துளி மழை இல்லாமலே உள்ளுக்குள் நனைந்துகொண்டிருக்கும். வெயில் வந்தால் காயும், இரவில் மறுபடி நனையும். ஓடும்போதுதான் வண்டி தேயும் என்று நினைக்கிறோம். கரையோரத்து வண்டி ஓடாமல் நிற்கும்போதுதான் அதிகம் கரைகிறது. மீனும் கருவாடும் ஏற்றுகிற வானில் மேலிருந்தும் உப்புத் தண்ணீர் சொட்டுவதால் இரண்டு பக்கமும் அடி. கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடு, சக்கரத்து வளைவு, தள்ளுகதவு ஓடும் தடம், இந்த மூன்றிலும் சேறு ஒதுங்கி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளியே பளபளவென்று கழுவி, அடியை மறந்துவிடுகிறோம். நல்ல தண்ணீரை அடியில் அடித்துக் கழுவினால் போதும், பெரிய செலவில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதனால் கழுவுவதில் அர்த்தமில்லை. அதைவிட வண்டியை மழையில் நிறுத்துங்கள்.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வான்களின் விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வாங்கிய விலைக்கு மேலேயே விற்றார்கள். புதுசு வராத நாட்டில் இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டியிருந்தது. சாச்சாவும் தன் டொல்பினை விற்கவில்லை. நானாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நானா கதவுக்குக் கீழுள்ள தகட்டை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தார். உள்ளேயிருந்து துரு சீரகத் தூள்போல் கொட்டியது. நிழலுக்காகக் கராஜ் ஓரத்தில் நின்ற ஒரு கழுதை அந்தச் சத்தத்துக்குக் காதை மட்டும் திருப்பியது. புதுத் தகடு வைத்து ஒட்டி, உட்பக்கத்துக்குப் பழைய எஞ்சின் ஒயில் அடித்தார். பிறகு என்னைக் குனியச் சொல்லி, தரையின் ஒரு மூலையில் விரல் வைத்துக் காட்டினார். பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை.

"இது எதுக்கு நானா?"

"தண்ணி போக தம்பி. ஜப்பான்காரன் வச்ச துளை. உங்க சாச்சா இவ்வளவு வருஷமா பார்க்கவே இல்ல."

ஒரு ஈர்க்கை எடுத்துக் குத்தினார். முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை கறுத்த தண்ணீர் கொஞ்சம் வந்தது. அதோடு காய்ந்து சுருண்ட செதிள்கள் விழுந்தன. சீலா மீனுடையது என்றார் சாச்சா. குனிந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.